கார்ல்சன் பிட்ஸ்பர்க்கில் ஏன் பொருந்தவில்லை, எக்ஹோம் எட்மன்டனில் எப்படிப் பொருந்தினார்?

ஜூரோங் வெஸ்ட் ரசிகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஐஸ் ஹாக்கியைப் பற்றித் தமிழில் பேச ஆள் கிடைப்பது அரிது என்பதால், பல மாதங்களாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

2023 ஆகஸ்டு மாதம், வட அமெரிக்காவின் என்எச்எல் லீகில் ஆடும் தற்காப்பு ஆட்டக்காரர் எரிக் கார்ல்சன் சான் ஹோசே அணியிலிருந்து பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸுக்கு மாறியபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். அதற்கு முந்திய பருவத்தில் அவர் 25 கோல், 76 அசிஸ்ட் (கோலுக்கு வழிசெய்த பாஸ்) என 101 புள்ளிகள் எடுத்திருந்தார். 1991-92 பருவத்தில் பிரையன் லீச் 102 புள்ளிகள் எடுத்த பிறகு எந்தத் தற்காப்பு ஆட்டக்காரரும் நூறைத் தொட்டதில்லை. சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கான அந்த ஆண்டின் நோரிஸ் விருதும் மூன்றாவது முறையாக அவருக்கே கிடைத்தது. குரோஸ்பி, மால்கின், லெடாங் ஆகியோர் இருக்கும் அணியில் இப்படிப் பாஸ் கொடுக்கத் தெரிந்த ஒருவர் சேர்ந்தால் என்னவெல்லாம் நடக்கும் என்று கனவு கண்டேன். நடந்தது வேறு. 82 ஆட்டங்களிலும் ஆடி அவர் எடுத்தது 56 புள்ளிகள். அணியின் பவர் பிளே (எதிரணி ஆட்டக்காரர் தண்டனையில் வெளியே இருக்கும் நேரத்து ஆட்டம்) லீகின் அடிமட்டத்தில் கிடந்தது. அணிகளின் பட்டியலில் பிட்ஸ்பர்க் மூன்றே புள்ளிகள் குறைவாகப் பெற்று பிளே-ஆஃப் சுற்றை இழந்தது. அடுத்த பருவத்திலும் அவருக்கு 53 புள்ளிகள்தான்.

அதே 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று மட்டியாஸ் எக்ஹோம் என்ற தற்காப்பு ஆட்டக்காரர் நாஷ்வில்லிலிருந்து எட்மன்டனுக்கு வந்தார். அவர் புள்ளிக்கணக்குக்குப் பெயர்போனவர் அல்லர். ஆயினும் அந்தப் பருவத்தில் எட்மன்டனுக்காக அவர் ஆடிய 21 ஆட்டங்களில் அணி 18 ஆட்டங்களை வென்றது.

கார்ல்சனுக்கு வயதாகிவிட்டது என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். 32 வயதில் 101 புள்ளிகள் எடுத்தவருக்கு ஒரே ஆண்டில் முதுமை வந்துவிட்டது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பாஸ் கொடுக்கும் திறமை என்பது ஆட்டக்காரர் எங்கே போனாலும் அவரோடு போகும் ஒன்றா, அல்லது அது அணியோடு பிணைந்ததா? பரிமாற்றத்தில் வந்த ஒரு தற்காப்பு ஆட்டக்காரர் புதிய அணியில் பொருந்துகிறாரா என்பதைப் பார்க்க நாம் எதைக் கவனிக்க வேண்டும்?


நீலக்கோடு எழுதியது:

தம்பி, பாஸ் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். தொலைக்காட்சியில் நம் கண்ணில் தங்குவது, எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டருகே நின்று கோலுக்கு வழிசெய்யும் பாஸ். ஆனால் ஒரு தற்காப்பு ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்தில் அதைவிடப் பல மடங்கு அதிகமாகக் கொடுப்பது, தன் கோலுக்குப் பின்னாலிருந்து, முதுகில் ஒருவர் மோத வருகிறார் என்று தெரிந்தே கொடுக்கும் முதல் பாஸ். அந்தப் பாஸுக்கு அசிஸ்ட் கிடையாது. மறு ஒளிபரப்பில் அதைக் காட்டவும் மாட்டார்கள். அணியின் ஆட்டம் தொடங்குவதோ அங்கேதான்.

நான் ஸ்கேட்டிங் கற்றது ஜூரோங் ஈஸ்ட் ஜேகியூப் கடைத்தொகுதியின் பனித்தளத்தில். கார்ல்சன் பிட்ஸ்பர்க்குக்குப் போன அதே ஆகஸ்டில்தான் ஜேகியூப் மூடப்பட்டது. அந்த மாதம் எனக்கு இரண்டு காரணங்களுக்காக நினைவிருக்கிறது. அங்கே எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், மூலையில் கிடக்கும் பக்கை (அடித்து ஆடும் ரப்பர் வட்டு) எடுக்கப் போகும்போது தோளுக்குப் பின்னால் இரண்டு முறை திரும்பிப் பார்க்க வேண்டும் என்பார். முதல் பார்வை எதிராளி எங்கே வருகிறார் என்பதற்கு. இரண்டாவது நம் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதற்கு. இரண்டாவது பார்வைக்குப் பெரும்பாலும் நேரமே இருக்காது. அப்போது நம்மைக் காப்பாற்றுவது இணை ஆட்டக்காரரின் குரல். "திருப்பு", "கோலைச் சுற்று", "பலகை ஓரம்" என்று அவர் கத்துவதை நம்பி, பார்க்காமலே பாஸைக் கொடுக்க வேண்டும். நான் ஆடியது மிகச் சாதாரணமான நிலையில்தான் என்றாலும், இணை ஆட்டக்காரர் மாறிய வாரங்களில் என் பாஸ்கள் அனைத்தும் அரை நொடி தாமதமானதை நானே உணர்ந்திருக்கிறேன். அந்த அரை நொடியில் பக் பறிபோய்விடும்.

அடுத்தது கை. இடக்கை ஆட்டக்காரர் இடப்பக்கத்தில் நின்றால் அவருடைய மட்டை பலகைச் சுவரின் பக்கம் இருக்கும். சுவரோரம் வரும் பக்கை நேர்மட்டையில் வாங்கி, உடலைத் திறந்துகொண்டு உடனே தள்ள முடியும். வலக்கை ஆட்டக்காரர் அதே இடத்தில் நின்றால் அதைப் பின்மட்டையில் வாங்க நேரும். இதனால்தான் அணிகள் ஓர் இடக்கை, ஒரு வலக்கை என்று இணை சேர்க்க விரும்புகின்றன. எக்ஹோம் இடக்கை, எட்மன்டனில் அவருக்கு இணையாக ஆடிய பூஷார்ட் வலக்கை. மூலைக்குப் போய் மோதலைத் தாங்கிக்கொண்டு, மூன்று நான்கு மீட்டர் தூரத்துக்கு எளிய பாஸ் ஒன்றைக் கொடுப்பது எக்ஹோமின் வேலை. அந்தப் பாஸை நகர்ந்துகொண்டே வாங்கி, தலையை நிமிர்த்தி, முன்கள ஆட்டக்காரர் மெக்டேவிடை நடுப்பகுதியில் தேடிக் கண்டுபிடிப்பது பூஷார்ட்டின் வேலை. எக்ஹோம் வருவதற்கு முன்பு பூஷார்ட் இந்த இரண்டு வேலைகளையும் தானே செய்யத் தடுமாறினார்.

எக்ஹோமுக்காக எட்மன்டன் கொடுத்தவர்களுள் டைசன் பேரியும் ஒருவர். பவர் பிளேயின் மேல்முனையில் நின்றவர் அவர். அவர் போனதும் அந்த இடம் பூஷார்ட்டுக்கு வந்தது. 2022-23இல் 40 புள்ளிகள் எடுத்த பூஷார்ட் அடுத்த பருவத்தில் 82 எடுத்தார். 2024 பிளே-ஆஃபில் 26 அசிஸ்ட் எடுத்து, தற்காப்பு ஆட்டக்காரர்களுள் 1985இல் பால் காஃபி படைத்த 25 என்ற சாதனையைக் கடந்தார். அப்போது அதே காஃபி எட்மன்டனின் பயிற்றுநர்களுள் ஒருவராக அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆகவே எக்ஹோம் பரிமாற்றத்தின் பயனை எக்ஹோமின் புள்ளிகளில் தேடக்கூடாது, பூஷார்ட்டின் புள்ளிகளில் தேட வேண்டும்.

இப்போது கார்ல்சன். அவர் வலக்கை, பிட்ஸ்பர்க்கில் ஏற்கெனவே இருந்த லெடாங்கும் வலக்கை. பவர் பிளேயை மேலிருந்து நடத்தும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்தவரும் லெடாங்தான். இதே நிலை கார்ல்சனுக்கு முன்பும் ஏற்பட்டிருக்கிறது. 2018இல் ஒட்டாவாவிலிருந்து சான் ஹோசேவுக்கு அவர் போனபோது அங்கே பிரென்ட் பர்ன்ஸ் இருந்தார். அவரும் வலக்கை, அவரும் நோரிஸ் விருது பெற்றவர். அந்த ஆண்டுகளில் கார்ல்சனுக்குக் காயங்கள் இருந்தது உண்மை. அதை மறைத்துப் பேசக்கூடாது. ஆனால் 2022 ஜூலையில் பர்ன்ஸ் கரோலினாவுக்குப் போனார். அடுத்த பருவத்திலேயே கார்ல்சன் 101 புள்ளிகள் எடுத்தார். பக் முழுவதும் தன் மட்டை வழியாகப் போகும்போது மலரும் ஆட்டக்காரர் அவர். பிட்ஸ்பர்க் அவரை வாங்கியபோது எடை போட வேண்டியிருந்தது இதைத்தான் என்பது என் கருத்து.


பாலஸ்டியர் ஃபுல்பேக் எழுதியது:

நான் பனியில் ஆடியவன் அல்லன். புல்தரையிலும் பின்னர் செயற்கைத் தரையிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழக ஹாக்கியில் ஃபுல்பேக்காக ஆடியவன். என் பேரன் கனடாவில் படிப்பதால்தான் ஐஸ் ஹாக்கியைப் பார்க்கத் தொடங்கினேன். ஆகவே வெளியாள் ஒருவரின் பார்வையாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நீலக்கோடு அவர்கள் கையைப் பற்றிச் சொன்னது எனக்குப் புதிய செய்தி. எங்கள் ஆட்டத்தில் மட்டைகள் அனைத்தும் வலக்கை மட்டைகளே. மட்டையின் உருண்டையான பின்பக்கத்தால் ஆடக்கூடாது. அதனால் இடப்பக்க ஃபுல்பேக்குக்கும் வலப்பக்க ஃபுல்பேக்குக்கும் ஒரே மட்டைதான், ஆனால் உடலை வைக்கும் கோணம் முற்றிலும் வேறு. பக்கம் மாறி ஆடச் சொன்னால் ஒரு மாதத்துக்குப் பாஸ் பிசகும்.

ஆனால் பாஸ் என்பது கொடுப்பவருடையது மட்டும் அன்று என்பது இரண்டு ஆட்டங்களுக்கும் பொது. எங்கள் கழகத்துக்கு ஒரு சமயம் வேறொரு கழகத்திலிருந்து மிக நல்ல ஃபுல்பேக் ஒருவர் வந்தார். அவருடைய அடி தரையோடு தரையாக, நூல் பிடித்தாற்போலப் போகும். முதல் சில ஆட்டங்களில் அவர் வலப்பக்கம் அடித்த பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோட்டுக்கு வெளியே போயின. பார்வையாளர்கள் அவரைக் குறைசொன்னார்கள். காரணம் எங்கள் ரைட் ஹாஃப். அவர் பந்தை உள்பக்கம் வந்து வாங்கிப் பழகியவர். புதியவரோ முந்தைய கழகத்தில் கோட்டோரம் ஓடும் ரைட் ஹாஃபுக்கு அடித்துப் பழகியவர். இருவரும் பேசிச் சரிசெய்துகொள்ள ஒரு மாலைப் பயிற்சி போதுமானதாக இருந்தது. பேச வேண்டும் என்று யாருக்கும் தோன்றாததுதான் அத்தனை ஆட்டங்களின் இழப்பு.

கார்ல்சன் ஒட்டாவாவில் ஆடிய காலத்துப் பாஸ் ஒன்றைப் பேரன் எனக்குக் காட்டினான். 2017 பிளே-ஆஃபின் முதல் சுற்றில் பாஸ்டனுக்கு எதிராக, தன் பகுதிக்குள்ளிருந்து பக்கை அந்தரத்தில் தூக்கி எறிகிறார். அது எல்லாருடைய தலைக்கும் மேலே போய், தனியே ஓடிக்கொண்டிருந்த மைக் ஹாஃப்மனின் முன்னால் விழுகிறது. அவர் கோல் போடுகிறார். எங்கள் ஆட்டத்தில் ஸ்கூப் போடுவதைப் போன்றது அது. நான் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். பேரன் கார்ல்சனின் கையைப் பார்க்கச் சொன்னான். நான் ஹாஃப்மனின் காலைப் பார்த்தேன். பாஸ் வரும் என்ற நம்பிக்கை இல்லாதவர் அவ்வளவு சீக்கிரம் ஓடத் தொடங்கியிருக்க மாட்டார். அந்த நம்பிக்கையைப் பரிமாற்ற ஒப்பந்தத்தில் எழுதி வாங்க முடியாது.


காலை எட்டு மணி எழுதியது:

ஐயா சொன்னதை முழுவதும் ஏற்கிறேன்; நீலக்கோடு அக்கா சொன்னதில் ஒரு பகுதியில் மாறுபடுகிறேன். கார்ல்சனின் 101 புள்ளிகளை அவருடைய இயல்பான உயரமாக வைத்துக்கொண்டு, 56ஐ வீழ்ச்சி என்று அளப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. சான் ஹோசே அந்தப் பருவத்தில் 82 ஆட்டங்களில் 22ஐ மட்டுமே வென்ற அணி. எப்போதும் பின்தங்கியே இருக்கும் அணியில் தற்காப்பு ஆட்டக்காரர் துணிந்து மேலே போகலாம். பறிகொடுத்தால் இழப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வெற்றிக்கும் போராட வேண்டிய பிட்ஸ்பர்க்கில் அதே துணிச்சலைக் காட்டியிருந்தால் அதே ரசிகர்கள் திட்டியிருப்பார்கள். மேலும், பவர் பிளே கெட்டதற்கு அவர் ஒருவரே காரணம் அல்லர். குரோஸ்பியும் மால்கினும் பக்கைத் தங்கள் மட்டையில் வைத்து ஆட்டத்தை நடத்திப் பழகியவர்கள். மேலே கார்ல்சன், லெடாங், பக்கவாட்டில் இவர்கள் இருவர் என்று நால்வரும் பாஸ் கொடுக்கக் காத்திருந்தால் அடிப்பவர் யார்?

அணியின் முறை எவ்வளவு முக்கியம் என்பதற்கு, தற்காப்பு ஆட்டக்காரர் அல்லர் என்றாலும், மிக்கோ ரன்டனனைச் சொல்வேன். 2025 ஜனவரியில் கொலராடோவிலிருந்து கரோலினாவுக்குப் போனார். கரோலினா பக்கை எதிரணியின் மூலைக்கு எறிந்துவிட்டுத் துரத்திப் பிடிக்கும் அணி. ரன்டனனோ பக்கைக் கையோடு கொண்டுபோய் ஆடுபவர். 13 ஆட்டங்களில் 2 கோல், 4 அசிஸ்ட். பரிமாற்றக் கெடு முடியும் நேரம் சிங்கப்பூரில் மார்ச் 8 அதிகாலை 4 மணி, தூங்காமல் விழித்திருந்தேன். அவர் டல்லஸுக்குப் போகிறார் என்ற செய்தி வந்தபோது, கரோலினா ரசிகனான எனக்கு வருத்தத்தோடு நிம்மதியும் இருந்தது. முதல் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் கொலராடோவுக்கு எதிராக, டல்லஸ் 0-2 என்று பின்தங்கியிருந்த மூன்றாவது பகுதியில், அவர் மூன்று கோல் போட்டார். ஆட்டக்காரர் மாறவில்லை, அவரிடம் பக் வந்துசேர்ந்த விதம் மாறியது.

அதே மார்ச் மாதத்தில் சிகாகோவிலிருந்து ஃபுளோரிடாவுக்குப் போன செத் ஜோன்ஸும் இப்படித்தான். சிகாகோவில் எல்லாப் பாரத்தையும் சுமந்தவர், ஃபுளோரிடாவில் பலருள் ஒருவரானார். முன்கள ஆட்டக்காரர்கள் பின்னால் இறங்கி வந்து பக்கை வாங்கியதால் அவருடைய முதல் பாஸ் குறுகியது. ஜூன் மாதத்தில் லீகின் ஸ்டான்லி கோப்பையைக் கையில் ஏந்தினார்.

பரிமாற்றங்களில் நான் மிக அதிகமாக மதிப்பது டெவன் டேவ்ஸ் கொலராடோவுக்கு வந்ததை. 2020 அக்டோபரில், இளம் ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளுக்கு மட்டுமே ஐலண்டர்ஸ் அணி அவரைக் கொடுத்தது. சம்பள உச்சவரம்பு அவர்களை நெருக்கியிருந்தது. இடக்கை டேவ்ஸ், அவருக்கு இணையாக வலக்கை மக்கார். இரண்டே பருவங்களில் கோப்பை. இங்கே அக்கா சொன்ன கை விதி எனக்கும் உடன்பாடே.


ஜூரோங் வெஸ்ட் ரசிகன் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்காவின் பதிலைப் படித்த இரவே எட்மன்டனின் பழைய ஆட்டங்கள் இரண்டை எடுத்து, பக் எங்கே போனாலும் எக்ஹோமை மட்டுமே பார்ப்பது என்று உட்கார்ந்தேன். பாஸ் கொடுத்த பிறகு அவர் என்ன செய்கிறார் என்பதை இதுவரை நான் பார்த்ததே இல்லை. பூஷார்ட்டிடம் கொடுத்துவிட்டு அவர் நிற்பதில்லை. கோலுக்கு முன்னால் வந்து, பூஷார்ட் நெருக்கடியில் சிக்கினால் திருப்பிக் கொடுக்க வசதியான இடத்தில் மட்டையைத் தரையில் வைத்துக் காத்திருக்கிறார். பெரும்பாலும் அந்தத் திரும்பும் பாஸ் வருவதே இல்லை. ஆனால் அங்கே ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்ததால்தான் பூஷார்ட் அவசரப்படாமல் தூரத்தில் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

காலை எட்டு மணி சொன்னதையும் யோசித்தேன். 101ஐ அளவுகோலாக வைத்தது என் பிழை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ஒரு சந்தேகம் மீதி இருக்கிறது. கார்ல்சனுக்கு முழுப் பயிற்சிக் காலமும் கிடைத்தது. எக்ஹோம் வந்ததோ கெடுவுக்கு மூன்று நாட்கள் முன்பு. பேசிப் பழக நேரம் வேண்டும் என்றால், நேரம் குறைவாகக் கிடைத்தவர் எப்படி முதலில் பொருந்தினார்? புதியவரை எத்தனை ஆட்டங்கள் பார்த்த பிறகு முடிவு சொல்லலாம்?


நீலக்கோடு எழுதியது:

எக்ஹோமிடம் எட்மன்டன் கேட்டது, அவர் நாஷ்வில்லில் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலையை. புதிதாகக் கற்க வேண்டியது பூஷார்ட்டின் குரலும் நடையும் மட்டுமே. கார்ல்சனிடம் பிட்ஸ்பர்க் கேட்டது, சான் ஹோசேயில் அவர் செய்த வேலையில் பாதியை விட்டுக்கொடுக்க. விட்டுக்கொடுக்கக் கற்பதற்கு ஒரு பயிற்சிக் காலம் போதாது. காலை எட்டு மணி சொன்னது போல, சான் ஹோசேயின் நிலைமை அந்த 101ஐ உயர்த்திக் காட்டியது என்பதையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். முதலில் அதை நான் எடையில் சேர்க்கவில்லை.

எத்தனை ஆட்டங்கள் என்று கேட்டால், புள்ளிகளை வைத்துப் பார்ப்பதானால் ஒரு முழுப் பருவம் வேண்டும். முதல் பாஸை வைத்துப் பார்த்தால் பத்து ஆட்டங்களிலேயே ஓரளவு தெரிந்துவிடும். அவர் மூலையில் பக்கை எடுத்ததும் விங்கர் (பக்கவாட்டு முன்கள ஆட்டக்காரர்) ஏற்கெனவே சுவரோரம் நிற்கிறாரா, சென்டர் (நடு முன்கள ஆட்டக்காரர்) கீழே இறங்கி வந்துவிட்டாரா, இணை ஆட்டக்காரர் கோலுக்கு முன்னால் இருக்கிறாரா என்று பாருங்கள். புதியவர் பக்கை வைத்துக்கொண்டு யாரையோ தேடி நின்றால், அந்த மூவருள் ஒருவர் இன்னும் பழைய ஆட்டக்காரருக்காகவே நகர்ந்துகொண்டிருக்கிறார் என்று பொருள்.


பாலஸ்டியர் ஃபுல்பேக் எழுதியது:

பத்து ஆட்டங்கள் எனக்கு அதிகமாகத் தெரிகின்றன. நான்கு போதும் என்பேன். ஆனால் எங்கள் திடல் ஏறத்தாழ 91 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் கொண்டது. அவர்களுடையது 61 மீட்டருக்கு 26 மீட்டர். அந்த நெருக்கத்தில், அந்த வேகத்தில், ஒருவரை ஒருவர் பழகிக்கொள்ளக் கூடுதல் நாட்கள் தேவைப்படலாம் என்பதை மறுக்க மாட்டேன். அடுத்த முறை பேரன் வரும்போது அந்த 2017ஆம் ஆண்டுப் பாஸை மறுபடியும் போடச் சொல்லி, இந்த முறை கார்ல்சனுடைய இணை ஆட்டக்காரர் எங்கே நிற்கிறார் என்று பார்க்கப் போகிறேன்.